பிள்ளைக்கென்று ஒரு பொருள்



சயானிலும் தாராவியிலும் ஓரறை வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இந்தக் காட்சி புதியதல்ல. வீட்டிலிருக்கும் ரேடியோவைப் பிள்ளை திருப்புளியால் திறந்துவிடுகிறான். வேலை முடிந்து தகப்பன் வந்ததும் அடி விழுகிறது. சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய பொருள் அல்லவா? கோபம் நியாயமானதே. ஆனாலும் பிள்ளை கெடுக்க நினைக்கவில்லை. உள்ளே இருப்பதை அறியவே விரும்பினான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பில் நிலைக்காதவர். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பின்பு பகுதி பகுதியாகப் பிரித்து, மறுபடியும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியவரும், பிற்காலத்தில் மின்சாரச் சவரக் கருவியை உருவாக்கியவரும் அவரே. கவனியுங்கள்: அவர் பிரித்தது தம்முடைய சொந்தப் பொருளை. நம் பிள்ளைக்கும் பிரிக்கவும் பூட்டவும் தனக்கென்று ஒரு பொருள் வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சயானில் ரயிலேறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினால் லேமிங்டன் ரோடு அருகில்தான். எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம் ரெசிஸ்டர் ஆகியவை போதும். மஞ்சள், ஊதா, பழுப்பு என்னும் வண்ணக் கோடுகளே 470 ஓமின் அடையாளம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து விளக்கின் நீண்ட கால், குட்டைக் காலிலிருந்து எதிர்முனை என்று இணைக்க வேண்டும். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் விளக்கு கருகிவிடும்.

முதல் முறையில் விளக்கு எரியாமலும் போகலாம். அப்பொழுது பொறுமையாயிருங்கள், நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதிருங்கள். கால் மாறியிருக்கிறதா, கம்பி விலகியிருக்கிறதா என்று பிள்ளையே தேடட்டும். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கம், விளக்கு எரிவதைக்காட்டிலும் மேலானது.

ஒரு எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தில் பரிசோதனை கூடவே கூடாது, பேட்டரி மாத்திரமே. பற்றவைக்கும் வயதில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்கட்டும்; ஈயம் கலந்த பற்றாசைத் தொட்டபின் கைகளைக் கழுவட்டும்.

ஓரறை வீட்டில் மேசை இல்லாமலிருக்கலாம். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை அவனுக்கென்று ஒதுக்குங்கள். ரேடியோவும் தப்பும், பிள்ளையின் ஆர்வமும் பிழைக்கும்.