‘தேவை’ என்னும் கணிப்பு: ஐக்கிய அமெரிக்க உயர்கல்வி உதவிநிதி பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகள் மாணவரது நிதித்தேவையை நிர்ணயிக்கும் முறைகளை ஒப்புநோக்கின், தேவை என்பது எவ்வாறு சமூகநிலையில் வரையறுக்கப்படுகின்றது என்பது புலனாகும். கல்விக்கான மொத்தச் செலவிலிருந்து குடும்பத்தின் செலுத்துதிறனைக் கழிக்க எஞ்சுவதே அங்கு தேவை எனப்படுகின்றது.

செலுத்துதிறனைக் கணிப்பதிலேயே வேறுபாடு தொடங்குகின்றது. சமஷ்டி அரசின் விண்ணப்பம் குடும்பம் வாழும் வீட்டின் பெறுமதியைக் கருத்திற் கொள்வதில்லை. தனியார் கல்லூரிகள் பல வேண்டும் பிறிதொரு விண்ணப்பமோ அதனையும் வினவுகின்றது. அதில் எவ்வளவைச் சேர்ப்பது என்பதைக் கல்லூரியே தீர்மானிக்கின்றது. இதனால் ஒரே குடும்பம் ஓரிடத்தில் வறியதாகவும் பிறிதோரிடத்தில் வசதியுள்ளதாகவும் கொள்ளப்படலாம். 2024-25 கல்வியாண்டு முதல், ஒரே வேளையிற் கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளின் தொகையாற் பெற்றோர் பங்கை வகுக்கும் முறை சமஷ்டிக் கணிப்பினின்றும் நீக்கப்பட்டது. வருமானம் மாறாத குடும்பங்களின் தேவையும் சூத்திரம் மாறியமையாற் குறைந்தது.

நிறைவுசெய்தலிலும் இந்நிலையே. பல கல்லூரிகள் தேவையின் ஒரு பகுதியையே வழங்குகின்றன. முழுமையாக வழங்குவதாகக் கூறும் சில, கடனையும் உதவியென்றே கணக்கிடுகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001இல் கடனுக்குப் பதிலாக மானியம் வழங்க முன்வந்தது. திரண்ட அறக்கொடை நிதியுடைய நிறுவனங்களுக்கே அது எளிது. வறிய மாணவர் பெருந்தொகையாய்ப் பயிலும் கல்லூரிகள் பலவற்றிடம் அந்நிதி இல்லை.

எனவே, எத்தனை வீதம் நிறைவுசெய்யப்படுகின்றது என வினவுமுன், தேவையை வரையறுப்போர் யாவர், தரப்படுவது மானியமா கடனா என நாம் வினவுதல் வேண்டும். கடனை உதவியென அழைப்பது, உழைக்கத் தொடங்குமுன்னரே மாணவரது எதிர்கால ஊதியத்தை ஈடுவைப்பதாகும்.