நிலக்கரியின் தரமும் மாதிரியெடுத்தலும்

நிலக்கரி நிறுத்து விற்கப்படும் பண்டம். எனினும், அனல்மின் நிலையமொன்று அதனை வாங்குவது அதில் அடங்கியுள்ள வெப்பத்துக்காகவே. ஒரே எடையுள்ள இரு தொகுதிகள் தரும் வெப்பம், அவற்றிலுள்ள நீரையும் சாம்பலையும் பொறுத்துப் பெரிதும் வேறுபடலாம். எனவே, தராசோடு ஆய்வுகூட அறிக்கையும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற்பிரிவு 2011 இல் இயங்கத் தொடங்கியது முதல் இறக்குமதி நிலக்கரிக்குப் பொதுப்பணத்தைச் செலவிட்டுவரும் நம் நாட்டில், அவ்வறிக்கை எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் அவசியமாகும்.

ஆய்வுகூடத்தில் நிகழும் சோதனைகள் சிக்கலானவையல்ல. நன்கு அரைத்த நிலக்கரியில் ஏறத்தாழ ஒரு கிராமை 105 முதல் 110 பாகை செல்சியசில் உலர்த்த, எடையிழப்பு ஈரப்பதனைத் தரும். இன்னொரு கிராமை மூடிய புடக்குகையில் 900 பாகையில் ஏழு நிமிடம் சூடாக்கினால் ஆவியாகும் பொருளின் அளவு பெறப்படும். 815 பாகையில் முற்றாக எரித்தபின் எஞ்சுவது சாம்பல். இம்மூன்றையும் நூறிலிருந்து கழிக்க வருவதே நிலைத்த காபன். கலோரிப் பெறுமானம், உயரமுக்க ஒட்சிசனில் நிலக்கரியை எரித்துக் கலோரிமானியினால் அளக்கப்படுகின்றது.

சிக்கல் இதற்கு முன்னரேயே தொடங்கிவிடுகின்றது. 60,000 மெற்றிக் தொன் நிலக்கரியை ஒரு கப்பல் கொண்டுவருவதாகக் கொள்வோம். சோதிக்கப்படும் ஒரு கிராம் அதன் 6,000 கோடியில் ஒரு பங்காகும். நிலக்கரியோ ஒருசீரானதன்று, கல்லும் களியும் கலந்தது. குவியலாகக் கொட்டும்போது பெருங்கட்டிகள் சரிந்து அடிவாரத்தை அடைய, தூள் நடுவில் தங்கிவிடும். வெயில் படும் மேற்பரப்பு உலர, உட்புறம் ஈரமாயிருக்கும். எனவே குவியலின் மேலிருந்து அள்ளும் மண்வெட்டி, எத்துணை நேர்மையானவர் கையிலிருப்பினும், உண்மையை உரைக்காது. மாதிரி பிழையாயின், நுட்பமான கருவி அப்பிழையையே நுட்பமாக அளந்து தரும்.

பிரான்சிய அறிஞர் பியர் ஜீ 1950 களிலிருந்து வளர்த்த மாதிரியெடுத்தற் கொள்கையின் அடிப்படை விதி எளிது: தொகுதியிலுள்ள ஒவ்வொரு துணிக்கைக்கும் மாதிரியில் இடம்பெறச் சமவாய்ப்பு இருத்தல் வேண்டும். பட்டியிலிருந்து நிலக்கரி விழும் இடத்தில், அவ்வோட்டத்தின் முழு அகலத்தையும் குறுக்கே வெட்டி, ஒழுங்கான இடைவெளிகளிற் சிறு கூறுகளை எடுப்பதே சிறந்த முறை. வெட்டும் வாயின் அகலம் மிகப் பெரிய கட்டியின் மும்மடங்கேனும் இருத்தல் வேண்டும். இன்றேல் பெருங்கட்டிகள் விலக்கப்பட்டுவிடும். திரட்டிய கூறுகள் நொறுக்கப்பட்டு, கலக்கப்பட்டு, படிப்படியாகப் பகுக்கப்படுகின்றன. மொத்த ஈரப்பதனுக்கான மாதிரி உடனடியாகக் காற்றுப்புகாக் கொள்கலத்தில் அடைக்கப்படல் வேண்டும். தாமதித்தால் நீர் ஆவியாகி, ஈரமான நிலக்கரி உலர்ந்ததாகத் தோற்றும்.

அறிக்கையின் எண்ணும் எந்த அடிப்படையிலானது எனக் கேட்டறிதல் வேண்டும். காற்றில் உலர்ந்த நிலையில் 4 வீத ஈரப்பதனுடன் கிலோகிராமுக்கு 6,300 கிலோகலோரி தரும் நிலக்கரி, 14 வீத மொத்த ஈரப்பதனுடன் வந்திறங்கினால் ஏறத்தாழ 5,644 கிலோகலோரியே தரும். இரு எண்களும் உண்மையே. ஆயினும் உலையில் எரிவது வந்திறங்கிய நிலக்கரியே.

இங்கு அளவையியல் சமூகப் பிரச்சினையாகின்றது. மாதிரி ஏற்றும் துறையில் எடுக்கப்படுவதா, இறக்கும் இடத்திலா? எடுப்பவரை நியமிப்பவர் யார்? இரு முடிவுகள் முரண்படின் எது செல்லும்? ஒப்பந்தத்தின் இவ்வரிகளே நட்டம் யாரைச் சேரும் என்பதை நிர்ணயிக்கின்றன. நுரைச்சோலையில் கரைக்கப்பால் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து பாரப்படகுகள் மூலம் நிலக்கரி இறக்கப்படுகின்றது; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடற்கொந்தளிப்பினால் அப்பணி தடைப்படும். எனவே தரங்குறைந்த தொகுதியைத் திருப்பியனுப்பி வேறொன்றை எதிர்பார்த்திருத்தல் எளிதன்று. கூடுதலாக எரிக்கும் நிலக்கரியின் விலையை மின்பாவனையாளர் செலுத்துவர். கூடுதலான சாம்பலோ அயற்கிராமங்களின் அருகே குவியும்.

மாதிரியை மூன்றாகப் பகுத்து, விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் ஒவ்வொன்றை அளித்து, மூன்றாவதை முத்திரையிட்டுப் பிணக்குத் தீர்ப்புக்கெனப் பேணும் வழக்கம் உண்டு. அது வேண்டியதே, ஆயினும் பிழையாக எடுத்த மாதிரியை மூன்றாகப் பகுத்தாலும் மூன்றும் அதே பிழையையே சுமக்கும். ஆகவே, மாதிரி எடுக்கப்பட்ட இடம், முறை, கூறுகளின் தொகை, கணிப்பின் அடிப்படை ஆகியன அறிக்கையோடு சேர்த்துப் பொதுமக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். பொதுப்பணத்தால் வாங்கும் பண்டத்தின் தரம் சிலருக்கு மட்டும் உரிய இரகசியமாக இருத்தல் தகாது.