மூன்று அடி, ஒரே நிறுத்தம்

ச்சா-ச்சா-ச்சா நடனம் கற்கச் சேர்ந்தவர்கள் சில வாரங்களிலேயே எழுப்பும் கேள்வி இது: “இரண்டு, மூன்று வரை சரியாகப் போகிறது. ‘நாலு-அண்ட்-ஒண்ணு’ வரும்போது மட்டும் பாட்டு முந்திக்கொள்கிறது. கோளாறு காதிலா, காலிலா?” இணையத்தில் இதற்குப் பதில்கள் கொட்டிக் கிடக்கின்றன. இடுப்பை நன்றாக அசை என்கிறது ஒரு காணொளி. இன்ன காலணி வாங்கு என்கிறது இன்னொன்று. பத்தே நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சத்தியம் செய்கிறது மற்றொன்று. காதும் காலும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. கோளாறு, உடல் எடையை நகர்த்தும் விதத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டே அதைக் காட்டிவிடலாம்.

போட்டிகளில் இந்த நடனத்துக்கான இசை நிமிடத்துக்கு 30 முதல் 32 ‘பார்’ வேகத்தில் ஒலிக்கும். ஒரு பாருக்கு நான்கு தட்டு. 30 என்றே கொண்டால் ஒரு தட்டுக்கு அரை நொடி. ‘நாலு’ம் ‘அண்ட்’டும் ஒரே தட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் அவற்றுக்குத் தலா கால் நொடி, ‘ஒண்ணு’க்கு அரை நொடி. நின்ற நிலையிலிருந்து கிளம்பி, பாதி நேரம் வேகமெடுத்து, மீதி நேரம் வேகம் தணிந்து, மறுபடி நிற்கும் உடல் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தரையின் பிடிமானத்தால் கிடைக்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 4 மீட்டர்/நொடி² என்று வைத்துக்கொள்வோம். அரை நொடியில் 25 சென்டிமீட்டர் போகலாம். கால் நொடியிலோ ஆறேகால் சென்டிமீட்டர்தான்! நேரம் பாதியானால் தூரம் நாலில் ஒன்றாகிவிடுகிறது. மூன்று அடியிலும் நின்று நின்று போகிறவர் ஒரு நொடியில் மொத்தம் முப்பத்தேழரை சென்டிமீட்டரைத் தாண்ட முடியாது. அதே ஒரு நொடியில், அதே தரையில், இடையில் நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போய்க் கடைசியில் மட்டும் நிற்பவருக்கு ஒரு மீட்டர் கிடைக்கிறது. தொடக்கநிலையாளர் பிந்துவதற்குக் காரணம் முழுக்க இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அவர் மூன்று முறை நிற்கிறார். ஒரு முறை நின்றால் போதும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவரைக் கவனித்தால் இது விளங்கும். கரண்டி ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியே இறங்கி, சோற்றின் மேல் ஒரு கணம் நின்று, எழுகிறது. வாளி மட்டும் நிற்பதில்லை. வரிசை நெடுகச் சீராக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடனத்தில் பாதம்தான் கரண்டி, உடற்பகுதிதான் வாளி. புதிதாகப் பரிமாற வந்தவர் இலைக்கு இலை வாளியையும் சேர்த்து நிறுத்துவார். சாம்பார் விளிம்பு தாண்டித் தெறிக்கும், பந்தியும் பின்தங்கும். வாளிக்குள் இருப்பது எது என்பதும் முக்கியம். வயிற்றுத் தசைகளைத் தளரவிட்டு ஆடுபவர் ரசம் தூக்குகிறார்: வாளி திரும்பிய பிறகும் உள்ளிருப்பது பழைய திசையிலேயே போகும். அதே தசைகளை இறுக்கிப் பிடித்தவரிடம் இருப்பது கெட்டிக் கூட்டு. கை போகும் பக்கம் அதுவும் போகும். வரிசை முடிந்து திரும்பும் இடம்தான் ‘ஒண்ணு’. அங்கே முழு அரை நொடி கிடைப்பதே, பக்கவாட்டு வேகத்தை அடக்கி அடுத்த ‘இரண்டு’க்கு முன்னோக்கியோ பின்னோக்கியோ கிளம்பத்தான். அந்த அரை நொடியைக் கையை விரித்து அழகு காட்டச் செலவிடுகிறவர் அடுத்த பாரையும் சேர்த்தே இழக்கிறார்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொர்ரின், கியூபாவின் தான்சோன் இசையிலிருந்து இந்த வகையை உருவாக்கினார். 1953இல் ‘ஒர்கெஸ்தா அமெரிக்கா’ குழு பதிவுசெய்த அவருடைய ‘லா எங்கான்யதோரா’ அதைப் பரப்பியது. பியர் என்ற நடன ஆசிரியர் கியூபாவில் பார்த்ததை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கினார். நம் வாதத்துக்குத் தேவைப்படுவது ஒரு செய்திதான்: ஆடுவோரின் பாதங்கள் தரையில் உரசிய ஓசையே பெயராயிற்று என்பார்கள். தூக்கி வைக்கும் கால் உரசாது. தரையை விடாமல் ஊரும் கால்தான் உரசும்.

இதற்கு மறுப்பு உண்டு. இந்த நடனத்தின் அழகே வெட்டி வெட்டி நிற்பதில்தானே, ஓடிக்கொண்டே இருந்தால் மிடுக்கு எங்கே? மிடுக்கு கால்களில் இருக்கிறது. முன்பாதத்தின் உட்பக்கம், கட்டைவிரலை ஒட்டிய மேடு, முதலில் தரையை அழுத்துகிறது. எடை அதன்மேல் வந்து சேரச் சேரக் குதிகால் இறங்குகிறது, முழங்கால் நிமிர்கிறது. ஊன்றிய பாதம் அசைவதே இல்லை, அதற்கு மேலே உடல் கடந்து போகிறது. பார்ப்பவர் கண் பாதத்தைப் பார்த்து, நின்றது என்கிறது. இடுப்பு விஷயமும் இப்படித்தான். நிமிர்ந்த காலின் பக்கம் இடுப்பு உயர்ந்து வெளியே தள்ளும். மடிந்த முழங்காலின் பக்கம் தாழும். எடை முழுதாக மாறினால் இடுப்பு தானே அசையும், மாறாவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் பொய்யாகவே தெரியும். உடல் செங்கல் அல்ல, கணக்கு மிக எளிமைப்படுத்தியது என்று சொல்வோரும் இருப்பார்கள். உண்மைதான். முடுக்கத்தை 3 என்றோ 5 என்றோ மாற்றினால் சென்டிமீட்டர்கள் மாறும், ஆனால் நேரத்தின் வர்க்கம் மாறாது.

ஆகவே, “மெதுவான பாட்டில் பழகு, வேகம் தானே வரும்” என்ற பரவலான அறிவுரையை நான் ஏற்கவில்லை. பாட்டின் வேகத்தைப் பாதியாக்கினால் கால் நொடி அரை நொடியாகும். நின்று நின்று வைக்கும் அடிக்கும் 25 சென்டிமீட்டர் தாராளமாகக் கிடைத்துவிடும். தவறு மறைந்துபோகும்; மறைந்த தவறே பழக்கமாகும். பாட்டைக் குறைக்காமல் அடியை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்குவது மேல். பத்து சென்டிமீட்டர் அடியைக்கூடக் கால் நொடியில் நின்று கிளம்பி வைக்க நம் கணக்கு இடம் தராது. ஆனால் அதே மூன்று அடிகளை ஒரே ஓட்டமாக வைக்கத் தேவைப்படும் முடுக்கம் 1.2 மீட்டர்/நொடி² மட்டுமே. அது எந்த வயதினருக்கும் எட்டக்கூடியது, புதுக் காலணி வாங்காமலே.