மலையேறிய சாமான் இறங்கவும் வழி வேண்டும்

கொல்லிமலையில் ஒரு வீட்டுக்கு அலமாரி வாங்குவது இன்று எளிது. சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கடையில் தவணைக்குச் சொல்லிவைத்தால் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, குட்டியானை வண்டியில் வாசலுக்கே வந்து இறங்கிவிடும். அதே அலமாரி ஈரத்தில் உப்பிக் கதவு சாயும்போது யார் வந்து எடுத்துப்போவார்கள் என்று கேட்டால்தான் பதில் இல்லை. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளில் ஒன்று திருப்புலி நாடு. அங்கும், நாடு என்றே அழைக்கப்படும் மற்ற ஊராட்சிகளிலும் இதே நிலைமைதான். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அன்று

மண்சுவரும் புல்கூரையுமாக இருந்த மலையாளிப் பழங்குடியினரின் வீட்டில் சாமான் குறைவு. படுக்கப் பாய், உட்காரத் திண்ணை, வயசானவர்களுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். சாமையும் தினையும் கொட்டிவைக்கக் குதிர், குத்த உரலும் உலக்கையும், கேழ்வரகு அரைக்கத் திருகை, மற்றதெல்லாம் போட்டுவைக்கப் பரண். வண்டிப் பாதை இல்லாத காலத்தில் அடிவாரத்திலிருந்து எது வந்தாலும் தலைச்சுமையாகத்தான் வர வேண்டும். தேவையில்லாத பொருளை யாரும் அவ்வளவு தூரம் சுமக்க மாட்டார்கள்.

ஒரு கட்டிலின் ஆயுளைப் பாருங்கள். பலாமரச் சட்டத்தில் கயிறு பின்னியிருக்கும். கயிறு தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுவார்கள். இற்றுப்போனால் புதுக் கயிறு. பழையதில் தேறியது கன்றுக்குட்டியைக் கட்ட உதவும். கால் ஒன்று முறிந்தால் வேறு காலைச் செதுக்கித் துளையில் அடித்து இறக்குவார்கள். சட்டமே விரிசல் விட்டால் மாட்டுக் கொட்டகையில் குறுக்குக் கட்டையாகும். அதற்கும் ஆகாவிட்டால் அடுப்புக்குப் போகும். சாம்பலில் கொஞ்சம் பாத்திரம் விளக்க, மிச்சம் எருக்குழிக்கு. குதிர் உடைந்தால் மண்ணோடு மண். கிழிந்த பாய் தானியம் காயவைக்க. ஓட்டை விழுந்த பித்தளைக் குண்டானைப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டால் பிள்ளைகள் கைக்குப் பழம் வரும். “கெடக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்” என்று சொன்னால், அது உண்மையிலேயே எதற்காவது ஆகும்.

அந்த வாழ்க்கையில் கஷ்டம் நிறைய இருந்தது. சாமையின் உமி நீங்கப் பெண்கள் மணிக்கணக்கில் உலக்கை பிடித்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியம் அரைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததே அந்தப் பாட்டைக் குறைக்கத்தான். உரல் வீட்டைவிட்டு வெளியேறியதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அன்றைய பொருள் ஒவ்வொன்றுக்கும் முடிவு எங்கே என்பது செய்தவருக்கும் தெரியும், வைத்திருந்தவருக்கும் தெரியும். அந்தத் தெளிவைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

இன்று

மாற்றம் வயலில் தொடங்கியது. சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. கிழங்கு லாரியேறி சேகோ ஆலைகளுக்குப் போக, வீட்டில் ரொக்கம் புழங்கியது. நிரப்பத் தானியம் இல்லாததால் குதிருக்கும் வேலை இல்லை.

அடுத்தது வீடு. 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தின் வீடு 300 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. மழைக்கு ஒழுகாத வீடு கிடைத்தது பெரிய காரியம். ஆனால் அந்த அளவில் பரணும் இல்லை, கொட்டகையும் இல்லை. பழசை எடுத்துவைக்க இடமே இல்லாமல் போனது.

மூன்றாவது, சாமான் வந்த விதம். 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. ஊர் முழுக்க ஒரே காலத்தில் வந்தவை ஊர் முழுக்க ஒரே காலத்தில்தான் பழசாகும். கூடவே கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி, நுரை மெத்தை, சோபா, மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த அலமாரி.

அந்த அலமாரி மலைக்கு ஏற்றதே இல்லை. மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் ஊர் இது. முதலில் தரையைத் தொடும் அடிப்பலகை ஈரத்தை உறிஞ்சி ரொட்டி போல உப்பும். மேலே ஒட்டிய மரநிறத் தாள் ஓரத்தில் பிரியும். திருகாணி பிடிமானம் விட்டு, கீல் தளர்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்கும். தச்சரைக் கூப்பிட்டாலும் பயனில்லை. ஆணி அடித்த இடத்தில் தூள்தான் கொட்டும். அடுப்பில் வைக்கவும் கூடாது, அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. போகிக்குக் கொளுத்திவிடலாம் என்று சோபாவை இழுத்து வருகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். பழைய குழாய் டி.வி.யின் கண்ணாடியிலோ ஈயம் இருக்கிறது. எருக்குழிக்கும் அடுப்புக்கும் பழகிய கைகளில், எரிக்கவும் புதைக்கவும் முடியாத பொருள்களைக் கொடுத்துவிட்டோம்.

இரும்புப் பீரோவாவது என்றைக்காவது பழைய இரும்புக் கடைக்குப் போகும், கிலோவுக்கு விலை உண்டு. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய தேக்குச் சாமான்களை வாங்கி விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. நுரை மெத்தையையும் உப்பிய அலமாரியையும் கேட்டு வருபவர் யாரும் இல்லை. விலை உள்ளது மலையிறங்குகிறது. விலை இல்லாதது ஓடைக்கரையில் விழுகிறது. இங்கே ஓடையில் போட்டது இங்கேயே நிற்காது. ஆகாய கங்கை அருவியாக விழும் அய்யாறு புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிற ஆறு.

இனி

ஊராட்சியின் தூய்மைக் காவலர்களால் குப்பை வண்டியைத் தள்ளிவர முடியும், சோபாவைத் தூக்க முடியாது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெரும்பாலும் நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவையாக இருந்தன. மின்னணுக் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2022 விதிகள் சொல்கின்றன. ஆனால் எழுபது வளைவு ஏறிவந்து ஒரு பழைய டி.வி.யை வாங்கிப்போகும் ஏற்பாடு இல்லாமல் அந்தப் பொறுப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. நீலகிரியில் 2022-ல் மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் வந்த அந்த முறை, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. பாட்டிலுக்கு முடிந்தது மெத்தைக்கும் அலமாரிக்கும் முடியும். கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், மட்காத கழிவை மாதக் கட்டணத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

கொல்லிமலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. புதுச் சாமானை இறக்கிவிட்டுக் கடைவண்டி காலியாகத்தான் திரும்புகிறது. புதுசு வாங்குகிற வீட்டின் பழசை அதே வண்டியில் ஏற்றிப்போவதைக் கடைக்காரர்களுக்குக் கட்டாயமாக்கலாம். மிச்சத்துக்கு, பொங்கலுக்கு முன் ஒரு நாளும் ஆடிப் பெருக்கையொட்டிய வல்வில் ஓரி விழாவுக்கு முன் ஒரு நாளும் ஒவ்வொரு நாட்டிலும் லாரி நிறுத்தினால் போதும். லாரிக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் வண்டிக்கா பஞ்சம்? ஒன்றியமும் மாவட்ட நிர்வாகமும் மனது வைத்தால் அடுத்த பொங்கலுக்கே தொடங்கலாம்.

மலைக்காரர்களைக் குப்பை போடுகிறவர்கள் என்று குறைசொல்வது நியாயமில்லை. ஒரு கட்டிலைச் சாம்பலாகும்வரை பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். சாமானை மலையேற்றி லாபம் பார்க்கிறவர்களும் அதற்குச் சாலை போட்ட அரசும்தான் இறக்குகிற செலவையும் ஏற்க வேண்டும்.