ஏதிலிகளைப் பராமரித்து உயிர்நீத்த மேயர்

விக்ரோறியா பாலத்தால் தென்கரைக்குப் போகிறவர்கள், பாலத்தின் மொன்றியல் பக்கத்தில், வீதியின் நடுவே நிற்கும் பெரிய கருங்கல்லைக் கண்டிருப்பீர்கள். 'ஏதோ ஒரு கல்' என்று நாமும் பல தடவை கடந்து போயிருக்கிறோம். அதன் அடியிலும் அயலிலும் ஏறக்குறைய 6,000 ஏதிலிகள் புதைக்கப்பட்டுள்ளார்கள். அவர்களுக்காக உயிரைக் கொடுத்தவர்களுள் ஒருவர் இந்நகரின் மேயர் ஜோன் ஈஸ்ரன் மில்ஸ்.

மில்ஸும் இந்த மண்ணில் பிறந்தவரல்லர். 1796இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்து, மொன்றியலுக்கு வந்து வியாபாரம் செய்தவர். பின்னர் வங்கித்தொழிலில் முன்னேறினார். அக்காலத்தில் மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. நகரசபை உறுப்பினர்களே தெரிவு செய்வார்கள். 1846இன் இறுதியில் அப்பதவி மில்ஸுக்குக் கிடைத்தது. அமைதியான காலமாயிருந்தால் அவரது பெயர் இன்று எவருக்கும் தெரிந்திராது.

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய்கண்டு அழிந்தது. ஏழைகளின் ஒரே உணவு அதுதான். பட்டினிக்கும் குடியிருப்பை விட்டு எழுப்பப்படுவதற்கும் அஞ்சி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். மரம் ஏற்றும் கப்பல்களின் அடித்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாரக்கணக்கில் பயணம். அங்கே சீலைப்பேன் பெருகி ரைபஸ் காய்ச்சல் பரவியது. பேன்தான் நோயைக் காவுகிறது என்பது 1909இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கியூபெக் நகருக்குக் கீழேயுள்ள குறோஸ் ஈல் தீவில் கப்பல்களை மறித்துச் சோதித்தும், நோயைத் தடுக்க முடியவில்லை.

1847இல் சுமார் 50,000 பேர் வாழ்ந்த மொன்றியலுக்கு 70,000க்கும் அதிகமானோர் வந்திறங்கினர். ஆற்றங்கரையில் மூன்று நீண்ட மரக்கொட்டில்கள் எழுந்தன; போகப்போக அவை இருபத்திரண்டாயின. நோயாளர் வெளியேறாதபடி படையினர் காவல் நின்றனர். நகரத்தவருக்கும் காய்ச்சல் தொற்றவே பீதி பரவியது. கொட்டில்களைப் பிடுங்கி ஆற்றில் எறிவோம் என்று ஒரு கும்பல் கிளம்பியது.

மேயர் அந்தக் கலகத்தை அடக்கினார். அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கொட்டில்களுக்குள்ளேயே போனார். நோயாளருக்குத் தண்ணீர் பருக்கினார், படுக்கை மாற்றினார். அங்கே பணிசெய்த கிறே நன்ஸ் கன்னியாஸ்திரிகள் நாற்பது பேரில் முப்பது பேர் நோயில் விழுந்து, ஏழு பேர் இறந்தனர். எழுந்து நடக்க முடிந்தவர்கள் மறுபடியும் கொட்டிலுக்கே திரும்பினார்கள். நவம்பர் 12ஆம் திகதி மில்ஸும் அதே காய்ச்சலால் இறந்தார். பதவியில் ஓராண்டுகூட நிறையவில்லை.

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் கதை தனியானது. கத்தோலிக்க ஆயர் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கிராமங்களிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்கள் வந்து அவர்களைக் கூட்டிச் சென்றன. சிலர் தங்கள் காணியையே அப்பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்களாம். பிரெஞ்சு மட்டுமே பேசும் கியூபெக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஐரிஷ் பெயர் இருக்க இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கல்லை அரசாங்கம் வைக்கவில்லை. பாலம் கட்டிய தொழிலாளர்கள் புதைகுழிகளைக் கண்டு, எலும்புகள் சிதைக்கப்படக்கூடாதென்று, ஆற்றிலிருந்து எடுத்த பாறையை 1859 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2019இல் புதிய ரயில் பாதைக்குத் தோண்டியபோதும் அங்கே எலும்புகள் கிடைத்தன. ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி ஞாயிறன்று ஐரிஷ் மக்கள் அவ்விடத்துக்கு ஊர்வலமாக நடந்து செல்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்; வாகனங்கள் விரையும் இடம், வீதியைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.