காரின் பெயர் ஒன்று, காற்றுப்பையின் ஊர் வேறொன்று

சென்ற மாதம் அயலில் வாழும் அன்பர் ஒருவர் கடிதமொன்றுடன் எம்மிடம் வந்தார். "மாஸ்ரர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. காரை ஓடக் கூடாதெண்டு எழுதியிருக்காம்" என்றார்.

கடிதம் அவர் முன்பு குடியிருந்த வீட்டு விலாசத்துக்கு வந்திருந்தது. வீடு மாறியவர் காரின் பதிவுப் பத்திரத்தில் விலாசத்தை மாற்றியிருக்கவில்லை. அவ்வீட்டில் இப்போதிருக்கும் எம்மவர், ஐந்து மாதங்கள் கழித்து ஒரு கலியாண மண்டபத்தில் அதனைக் கையளித்திருக்கிறார். அந்த ஐந்து மாதங்களும் அன்பர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது அதே காரில்தான்.

சுக்கானுக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ள காற்றுப்பை பழுதானது, மாற்றும்வரை வாகனத்தைச் செலுத்த வேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம். யப்பானிய நிறுவனமான தகாட்டாவின் பெயரும் அதில் இருந்தது. "நான் வாங்கினது ஐரோப்பாக் கார். இதுக்குள்ளே யப்பான்காரன் எப்பிடி வந்தவன்?" என்று அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

கார் நிறுவனங்கள் பெரும்பாலும் காற்றுப்பைகளைத் தாமே செய்வதில்லை. உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களிடம் விலைக்கு வாங்குகின்றன. சுவீடனில் தலைமையகம் கொண்ட ஓட்டோலிவ், சீன உரிமையிலுள்ள ஜொய்சன், ஜேர்மனியின் இசட்.எப். குழுமம் ஆகியன அவற்றுட் சில. ஆகவே ஒன்றோடொன்று போட்டியிடும் கார்களின் சுக்கான்களுக்குள் ஒரே தொழிற்சாலையின் பொருள் இருக்கலாம். முகப்பிலுள்ள இலச்சினை இதனை எமக்குச் சொல்வதில்லை.

தகாட்டா 1933 இல் நெசவு நிறுவனமாகத் தோன்றியது. பின்னர் ஆசனப்பட்டிகளும் அதன்பின் காற்றுப்பைகளும் செய்தது. விபத்து நேரும் கணத்தில் சிறிய உலோகக் குடுவையொன்றினுள் உள்ள மருந்துவில்லைகள் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்புகின்றன. ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் இது நடந்து முடியும். உயிர் காப்பதும் பறிப்பதும் அம்மருந்தைப் பொறுத்தவை.

2000 ஆம் ஆண்டையொட்டி, முன்னர் பயன்படுத்திய விலை கூடிய மருந்தை விடுத்து, தகாட்டா அமோனியம் நைத்திரேற்றுக்கு மாறியது. உரமாகவும் கல்லுடைக்கும் வெடிமருந்தாகவும் பயன்படும் மலிவான உப்பு அது. ஈரத்தை உறிஞ்சும், வெப்பம் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கும். ஆண்டுகள் செல்ல வில்லைகள் சிதைந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது குடுவை வெடித்து, உலோகத் துண்டுகள் சாரதியின் முகத்திலும் கழுத்திலும் பாயும். மெதுவான மோதலிலே சிறு காயத்தோடு தப்பியிருக்க வேண்டியவர்கள் இவ்வாறு இறந்தார்கள்.

போட்டி நிறுவனமான ஓட்டோலிவின் விஞ்ஞானிகள் இம்மருந்தின் ஆபத்தை 1990களின் இறுதியிலேயே எடுத்துரைத்தனர் என 2016 இல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. எனினும் மலிவான பொருளுக்கு வாங்குவோர் பெருகினர். மருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மோசஸ் லேக்கில் தயாராகி, மெக்சிக்கோவின் மொன்குளோவாவில் குடுவைகளில் அடைக்கப்பட்டது. 2004 இல் அலபாமாவில் ஒரு ஹொண்டா காரில் குடுவை வெடித்தது. முதலாவது மீளழைப்போ 2008 இல்தான் வந்தது. அதுவும் ஏறத்தாழ 4,000 கார்களுக்கு மாத்திரம். பின்னர் அமெரிக்காவில் மட்டும் 19 கார் நிறுவனங்களின் வாகனங்களிலிருந்து சுமார் 6 கோடி 70 இலட்சம் காற்றுப்பைகள் மீளழைக்கப்பட்டன.

சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டிய குற்றத்தை 2017 இல் தகாட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட 100 கோடி டொலரில் 85 கோடி கார் நிறுவனங்களுக்கு. பாதிக்கப்பட்ட மக்களுக்கோ 12.5 கோடி. மிகுதி 2.5 கோடி அபராதம். அதே ஆண்டு நிறுவனம் வங்குரோத்தாகி, 2018 இல் இன்றைய ஜொய்சனின் கைக்குப் போனது. நிறுவனம் மறைந்தாலும் அது செய்த குடுவைகள் இன்னும் வீதிகளில் ஓடுகின்றன.

பிரான்சு இதற்கு விலக்கன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியன் தீவுகளிலேயே இந்நாட்டின் இவ்வகை மரணங்களிற் பெரும்பாலானவை நேர்ந்தன. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் தீவுகள் அவை. குளிர்ப் பிரதேசம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை, 2025 யூனில் றீம்ஸ் நகரில் ஒரு பெண்ணின் மரணம் பொய்யாக்கியது. அதன் பின்னரே இரண்டாம் தலைமுறைச் சித்ரோன் சி3, டிஎஸ்3 கார்கள் அனைத்தும், காற்றுப்பை மாற்றப்படும்வரை ஓடாது நிறுத்தப்பட வேண்டுமென அறிவிக்கப்பட்டது.

எம்மவர் வாங்குவன பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கை மாறிய பழைய கார்கள். குடுவை மூப்படைந்திருப்பதும் அவற்றிலேயே. நாமோ அடிக்கடி வீடு மாறுகிறோம். பிரெஞ்சில் வரும் தடித்த கடிதம் எதுவாயினும் தண்டப்பணக் கடிதமென்று அஞ்சி ஒதுக்கி வைக்கிறோம். கடிதம் எம்மை வந்தடையாது போகப் பல வழிகள் உள்ளன.

ஆகவே கடிதத்துக்குக் காத்திராதீர்கள். பதிவுப் பத்திரத்தில் 'ஈ' என்ற எழுத்துக்கு எதிரே 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட வாகன அடையாள எண் உண்டு. அதனை அந்தக் கார் நிறுவனத்தின் இணையத்தளத்திலோ முகவர் நிலையத்திலோ கொடுத்தால், வாகனம் மீளழைக்கப்பட்டதா என்று கூறுவார்கள். மாற்றுவது இலவசம். விலாசம் மாறியிருப்பின் பத்திரத்திலும் மாற்றிவிடுங்கள். காரை விற்றவர்கள், கடிதம் வந்தால் வாங்கியவருக்கு அன்றே தொலைபேசி எடுங்கள்.

அன்பரின் கார் இப்போது முகவர் நிலையத்தில் முறைக்காகக் காத்து நிற்கிறது. பிள்ளைகள் பேருந்தில் போகிறார்கள். "அரை மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டியிருக்கு, மாஸ்ரர்" என்று குறைப்பட்டுக்கொண்டார். எழும்பட்டும் என்றோம்.