காகத்துக்கு வைக்கும் சோறும் சட்டமும்

தேக்காவில் கடை வைத்திருப்போருக்குப் புறாத் தொல்லை புதிதல்ல. "நம் கடை, நம் மாடி, நாமே பிடித்துவிட்டால் என்ன?" என்று எண்ணிவிடக் கூடாது. இடம் யாருடையதாக இருந்தாலும், காட்டுயிர்களைப் பிடிக்கவோ கொல்லவோ தேசியப் பூங்காக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இடத்தின் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் போதாது.

ஒரு காலத்தில் இங்கு காகங்களைச் சுடுவதற்கு அதிகாரிகளே ஏற்பாடு செய்தார்கள். பொதுப் பாதுகாப்பைக் கருதி 2020ல் அது நிறுத்தப்பட்டது. இப்போது கூடுகளை அகற்றுகிறார்கள், பொறி வைத்துப் பிடிக்கிறார்கள்.

இந்தக் காகம் தானாக வந்ததல்ல. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை. தோட்டத்துக்கு நம்மவர்கள் கப்பலேறி வந்த அதே காலம்!

நம்மவர்கள் தடுமாறும் இடம் வேறு. அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைப்பது நம் வழக்கம். ஆனால் 2020 ஜூன் முதல், அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம். புறாவும் அதில் அடக்கம். முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரையும் மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கப்படலாம். புறாவுக்குத் தானியம் இறைத்துப் புண்ணியம் தேடும் முதியவர்களுக்கு வீட்டிலுள்ளோர் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும்.

பறவைத் தொல்லை மிகுந்தால் 'ஒன்சர்வீஸ்' செயலியில் புகார் அளிக்கலாம். அதற்குமுன், கடையின் பின்புறக் குப்பைத்தொட்டி மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.